நாலு மணிக்கு எடுக்கிறோம்

“இந்தப் படத்துல நீ யாரைப் பாத்து சிரிக்கிற?”

மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ. அல்லியிடம் கேட்டது இது. மேசைமேல் கலர் பிரிண்ட் கிடந்தது. முகம் அல்லியுடையது. கழுத்துக்குக் கீழே துணியில்லாமல் இருந்தது வேறு யாரோ. அல்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற அப்பா, “அது அவ இல்லீங்க” என்றார்.

“மொகம் அவளுதுதானே? யாரோ ஒருத்தனைப் பாத்துத்தான சிரிக்கிது. அது யாருன்னு சொன்னா கேஸு பாதி முடிஞ்சிடும்.”

அல்லிக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு படத்தை யாரும் எடுத்ததாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை.

இன்று அந்த அப்பா கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். அல்லி பெட்டியின் ஒயரைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். அப்பா கருப்பையன் வரிச்சிக்குடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர். விடியற்காலையில் வால்வைத் திறந்துவிட்டுத் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆறரைக்கு நிற்க வேண்டிய தண்ணீர் ஏழு மணிக்கும் நிற்காமல், குடங்கள் நிரம்பித் தெருவில் ஓடிய பிறகுதான் யாரோ போய்ப் பார்த்தார்கள். சட்டைப் பையில் நான்காக மடித்த கோர்ட்டு நோட்டீஸ் இருந்தது. பாதி நனைந்திருந்தது. அதைக் கொடியில் காயப்போட்டிருந்தாள் அல்லி.

அடுத்த செவ்வாய்க்கிழமை தேதி. குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் வழக்கை முடிக்கப் போகிறது, ஆட்சேபனை இருந்தால் வந்து சொல்லலாம் என்பது அந்த நோட்டீஸ்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது பெயர் தெரியாத ஒரு ஐடியிலிருந்து முதல் ‘ஹாய்’ வந்தது. இரண்டு மாதம் தினமும் வந்தது. போலீஸில் சொல்வேன் என்று அல்லி எழுதிய மறுநாள் படங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தன. சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊர் கோட்டுச்சேரி வரைக்கும் போய்விட்டன. அதன்பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பேசுவதும் குறைந்துபோனது.

அந்த ஐடிக்குப் பின்னால் இருந்த சிம் கார்டு செத்துப்போன ஒரு கிழவியின் பெயரில் இருந்தது. டவர் பொறையாறு என்று காட்டியது. “ஆத்துக்கு அந்தாண்ட தமிழ்நாடுய்யா. நாம புதுச்சேரி. நாங்க அங்க கடுதாசிதான் போட முடியும்” என்றார்கள் ஸ்டேஷனில். கோட்டுச்சேரியில் பாதிப் பேர் போனுக்குப் பொறையாறு டவர்தான் கிடைக்கிறது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். பெரிய அதிகாரிகளைப் பார்க்கப் புதுச்சேரிக்கு ஏழு தடவை பஸ் ஏறினார். கடைசியில் இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் நஜீபாதான் ஒரு வழி சொன்னாள்.

“இந்த மொகத்த ஏதோ ஒரு படத்துலேருந்துதான் வெட்டியிருக்கான். அந்த முழுப் படம் யார்ட்ட இருக்கோ அவன்தான். அதக் கண்டுபிடிங்க.”

அன்றிலிருந்து அப்பா சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் ஆல்பம் வாங்கி வந்தார். கல்யாணம், காதுகுத்து, சீமந்தம். கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எதிலும் அந்தச் சிரிப்பு இல்லை.

பத்து மணிக்குச் சித்தப்பா நெடுமாறன் தன் போனை அல்லியிடம் நீட்டினார். அழுது அழுது அவர் கண் சிவந்திருந்தது.

“கலைவாணன் பேனர் டிசைன் அனுப்பியிருக்கான். பேரெல்லாம் சரியா இருக்கான்னு நீ பாத்துடு ஆயி. எனக்குக் கண்ணு தெரியல.”

கலைவாணன் கோட்டுச்சேரியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். அவர்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் அவன்தான் படம் எடுப்பான். அப்பாவைப் பெரியப்பா என்பான். புகாருக்குப் பிரிண்ட் போட அப்பா அவன் கடைக்குத்தான் போனார். “பெரியப்பாட்ட காசு வாங்குவனா?” என்று சொல்லி மூன்று செட் போட்டுக் கொடுத்தான்.

அல்லி படத்தைப் பெரிதாக்கினாள். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே அப்பா. அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். வெள்ளைச் சட்டை. தோளில் ஒரு பச்சைத் துண்டு.

“நல்லா இருக்குல்ல?” என்றார் சித்தப்பா. “வீட்டுல ஒரு நல்ல படம் இல்லன்னு சொன்னேன். அவனே தேடி எடுத்திருக்கான். பச்சைத் துண்டெல்லாம் போட்டு, விவசாய சங்கத் தலைவர் மாதிரி இருக்காரு அண்ணன்.”

எட்டிப் பார்த்த அம்மா தேவிகா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். “இவுக எப்ப பச்சைத் துண்டு போட்டாக?”

அது துண்டு இல்லை. ஓரத்தில் மஞ்சள் நூலில் மாங்காய் போட்டிருந்தது. அல்லியின் தாவணி. சித்தப்பா மகன் காதுகுத்துக்குக் கட்டியது. அன்றைக்கு ஆசாரி ஊசியை எடுத்ததும் பையன் ஓடிப்போய் ஒளிந்துகொள்ள, “சரி, வந்ததுக்கு எனக்காவது குத்தி விடுங்கப்பா” என்று அப்பா காதைக் காட்டினார். அல்லி சிரித்துக்கொண்டே அவர் தோளில் சாய்ந்தாள்.

அவள் உள் அறைக்குப் போய் பீரோவைத் திறந்தாள். அப்பாவின் மஞ்சள் ஃபைலில் அந்தப் பிரிண்ட் இருந்தது. மூன்று வருடமாக அதை அவள் பார்த்ததில்லை. கழுத்துக்குக் கீழே உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்த்தாள். தாடைக்குப் பக்கத்தில், வெட்டும்போது விட்டுப்போன ஒரு வெள்ளைக் கீற்று. அப்பாவின் சட்டை. போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு தலையும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன.

அப்பாவைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாள்.

அந்தக் காதுகுத்து ஆல்பத்தை அப்பா இரண்டு தடவை புரட்டியிருந்தார். இந்தப் படம் அதில் இல்லை. கலைவாணன் இதை யாருக்கும் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ தலைகளை வெட்டி ஒட்டியிருப்பான். அவசரத்தில் அப்பாவின் முகம் தேடியபோது, அவரிடமிருந்து யாரை வெட்டி எடுத்தோம் என்பது அவனுக்கு மறந்துபோயிருக்கிறது.

அல்லிக்கு அழுகை வரவில்லை. காலையிலிருந்து கனமாக இருந்த கை கால் திடீரென்று லேசாகிவிட்டது. அப்பாவின் போனிலிருந்து நஜீபாவைக் கூப்பிட்டாள். அவளாகவே வக்கீலுக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. அப்பா இறந்ததையும் படத்தையும் சொல்லி முடித்ததும், சாவுச் செய்திக்குச் சொல்லும் வார்த்தைதான் நஜீபாவின் வாயில் முதலில் வந்தது.

“இன்னா லில்லாஹி... அல்லி, நீ அழாம கேளு. யார்ட்டயும் சொல்லாத, ஒங்கம்மாட்ட கூட. அவனுக்குத் தெரிஞ்சா ஒரு நிமிஷத்துல அழிச்சிடுவான். அந்த ஒரிஜினல் ஃபைல் அவன் கையிலேருந்து புடிபடணும். பேனர வச்சு மட்டும் ஒண்ணும் நிக்காது.”

“நான் அழலக்கா.”

“எத்தன மணிக்கு எடுக்குறீங்க?”

“நாலு மணிக்கு. அவன் வருவான். பிரான்சுல அத்தை இருக்காங்க, அவங்களுக்கு லைவ் போட.”

“அப்ப நான் வர்ற வரைக்கும் அவன அங்கயே வச்சிரு. ஒனக்கு அப்பப் பதினாறு வயசு, போக்சோ கேஸு. இன்ஸ்பெக்டர நான் கூட்டிட்டு வரேன். எப்படியாவது கூட்டிட்டு வரேன்.”

சித்தப்பாவின் போன் இன்னும் அவள் கையில் இருந்தது. அவள் அதில் கலைவாணனுக்கு எழுதினாள். ‘படம் ரொம்ப நல்லா இருக்குப்பா. காதுகுத்துல அண்ணன் இருக்குற படம் எல்லாம் பிரான்சு அக்கா பாக்கணும்னு அழுவுது. ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துகிட்டு வா, டிவில போட்டு லைவ்ல காட்டலாம்.’ இன்னொருவர் பெயரில் எழுதுவது இத்தனை சுலபம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கும்பிடும் கைகள் பதிலாக வந்தன. அனுப்பியதை அழித்துவிட்டு, போனைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள்.

“பேரெல்லாம் சரியா இருக்கு சித்தப்பா. அடிக்கச் சொல்லுங்க.”

கலைவாணன் இரண்டரை மணிக்குப் பேனரோடு வந்தான். பந்தல் காலில் அவனே ஏறிக் கட்டினான். இறங்கி வந்து ஐஸ் பெட்டிமேல் மாலை போட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். நிஜமாகவே அழுதான். அல்லி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சாப்ட்டியா தங்கச்சி?”

“இல்லண்ணே. நீங்க டீ குடிங்க.”

அவளே கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைப் பிடித்த விரல்களைப் பார்த்தாள். நகங்கள் ஒட்ட வெட்டிச் சுத்தமாக இருந்தன. லேப்டாப்பை டிவி பக்கத்து ஸ்டூலில் வைத்து, கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து ஒயரைச் செருகி அதன் மேல் வைத்தான். கேமராவை முக்காலியில் மாட்டினான். போனில் பிரான்சு அத்தையின் முகம் தெரிந்தது. “தம்பி... தம்பி...” என்று அவள் அங்கிருந்து கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது.

“கேஸு என்னாச்சு?” என்றான் மெதுவாக, டீயை ஊதிக்கொண்டே.

“மூடப் போறாங்களாம்.”

“விடு. அந்தத் தலைவலியும் பெரியப்பாவோட போவட்டும். நீ ஒன் வாழ்க்கையப் பாரு.”

அல்லி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். கொல்லைக்குப் போய் அதை மூன்று தடவை கழுவினாள். பிறகு கழுவாமலே குப்பையில் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

மூன்றரைக்கு நஜீபாவிடமிருந்து செய்தி வந்தது. ‘ஸ்டேஷன்ல இருக்கேன். சாவு வீட்டுல எப்படிம்மா, நாளைக்குப் பாக்கலாம்னு சொல்றாரு. விட மாட்டேன்.’

அப்பாவை வெளியே எடுத்துக் குளிப்பாட்டினார்கள். நெய்ப்பந்தம் பிடித்து, திரும்பக் கூடத்தில் கிடத்தினார்கள். பாடை தயாராக இருந்தது. சங்கு ஊதும் சோமுவும் பறையடிக்கிறவர்களும் தெருமுனையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். “வெளிச்சம் இருக்கும்போதே கெளம்பணும். வாய்க்கரிசி போடறவங்க வரிசையா வாங்க” என்று யாரோ அவசரப்படுத்தினார்கள்.

அம்மா அரிசி போட்டுவிட்டு எழுந்தவள் வாசலுக்கு வெளியே தெரிந்த பேனரை அண்ணாந்து பார்த்தாள்.

“ஏந்தம்பி கலை, இவுககிட்ட பச்சைத் துண்டே கெடயாதேப்பா. வேற யாரு துண்டையாச்சும் போட்டுட்டியா?”

“படத்துல இருந்ததுதான் பெரியம்மா” என்றவன் தானும் அண்ணாந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அவன் பார்வை இறங்கி, கூட்டத்தில் அல்லியைத் தேடியது. அல்லி அரிசித் தட்டைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். அவன் நடந்துபோவது அவளுக்குக் காலடிகளாகத் தெரிந்தது. ஸ்டூல் பக்கம். ஒயரைப் பிடுங்கும் சத்தம். ஹார்ட் டிஸ்க் அவன் பேண்ட் பைக்குள் போவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

“சித்தப்பா, பேட்டரி எறங்கிடுச்சு. கடைக்குப் போய் வேற எடுத்துட்டு வந்துடறேன்.”

அல்லி தட்டைக் கீழே போட்டாள். அரிசி தரையெல்லாம் சிதறியது. அவள் அப்பாவின் காலில் விழுந்து இரண்டு பாதங்களையும் கட்டிக்கொண்டாள்.

“கலையண்ணே! போவாதீங்கண்ணே! அத்தை பாக்கணும், அப்பாவ எடுக்கறத அத்தை பாக்கணும்!”

மூன்று வருடமாக அந்தத் தெரு கேட்காத குரல். எல்லாரும் திரும்பினார்கள். பெண்கள் பக்கம் ஒப்பாரி இரட்டிப்பாக எழுந்தது. “அழுவட்டும், அழுவட்டும், இப்பத்தான் அழுவுது புள்ள” என்றாள் ஒருத்தி. போனில் அத்தை, “கலைவாணா, எங்கப்பா போற? என் தம்பிய காட்டுப்பா!” என்று அலறினாள்.

சித்தப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “பொணம் எடுக்கறதுக்கு முன்னாடி எங்கடா கெளம்புற? வழி மறிச்சாப்புல ஆவாதா? அஞ்சு நிமிஷம் நில்லு.”

“இல்ல சித்தப்பா, பேட்டரி...”

“இருக்கற பேட்டரி போதும். எடு.”

அவன் கேமராவுக்குத் திரும்பினான். வேறு வழியில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தூக்குகிறவர்கள் அல்லியின் கையைப் பிரிக்கப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. பாதம் ஜில்லென்றிருந்தது. அப்பா, இன்னும் கொஞ்ச நேரம் இருங்க என்று மனசுக்குள் சொன்னாள். எனக்காக எவ்வளவோ காத்திருந்தீங்க, இன்னும் கொஞ்ச நேரம். சுவர்க் கடிகாரம் நாலு இருபதைக் காட்டியது. கேமராவின் கண்ணாடி அவளுக்கு நேராக இருந்தது. அல்லி தலையைத் தூக்கி, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, முகத்தை அதற்குக் காட்டினாள். எடு, என்று நினைத்தாள். இதையும் எடுத்துக்கோ. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாததை அவன் ஒருவன்தான் பார்த்தான்.

ஜீப் வந்தபோது நாலு முப்பத்தைந்து. நஜீபா முன்னால் இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேகமாக வந்தாள். பின்னால் இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும். இன்ஸ்பெக்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவைப் பார்த்து ஒரு நிமிஷம் கும்பிட்டார். பிறகுதான் கேட்டார்.

“கலைவாணன் யாரு?”

அல்லி எழுந்து நின்று அவனை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அவர் பாக்கெட்டுல இருக்கு சார்.”

அவன் தானாகவே எடுத்துக் கொடுத்துவிட்டான். “தெறந்து பாத்துடலாமா?” என்று ஒரு போலீஸ்காரர் லேப்டாப்பைத் தொட, நஜீபா குறுக்கே வந்தாள்.

“தொடாதீங்க சார். அப்படியே சீல் வைங்க. யார் தொறந்தாலும் நாளைக்கு அத வச்சே தப்பிச்சுடுவான்.”

“அப்ப அந்தப் படத்த நான் எப்பக்கா பாக்கலாம்?” என்று அல்லி கேட்டாள். “அப்பாவும் நானும் இருக்குற முழுப் படம்.”

நஜீபா அவளைப் பார்த்தாள். “கோர்ட்டுல. வருஷம் ஆகும்.”

அல்லி தலையாட்டினாள்.

கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். ஒரு போலீஸ்காரர் தன் போனை உயர்த்திப் பிடித்தார். கலைவாணன் முகத்துக்குக் குறுக்கே கையை வைத்தான். “கைய எடு” என்றார் அவர். எடுத்தான். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்றபோது முன்வரிசை ஆம்பளைகள் எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். அவர்களில் பலர் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள்தான். தண்ணி ஆபீசிலிருந்து மாலை கொண்டுவந்திருந்த கிளார்க் ஒருவர் முன்னால் வந்து கையெழுத்துப் போட்டார். அடுத்து சித்தப்பா வந்தார். பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் காகிதத்தையே பார்த்தார்.

“நாந்தானே ஆயி அவன வரச் சொன்னேன்” என்றார். “காதுகுத்துக்கு.”

“போடுங்க சித்தப்பா.”

அவர் போட்டார். அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருந்தது. திடீரென்று எழுந்து, தரையில் சிதறிக் கிடந்த வாய்க்கரிசியை ஒரு கை அள்ளிக் கலைவாணன் முகத்தில் வீசினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவன் சட்டைக் காலரில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டு நின்றது.

“நடப்பா” என்றார் இன்ஸ்பெக்டர்.

பாடைக்கு வழி விடுவதற்காக ஏற்கெனவே இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்த கூட்டம், இன்னும் கொஞ்சம் ஒதுங்கியது. தெருமுனை வரைக்கும் நடுவில் பாதை நீளமாகத் தெரிந்தது. கலைவாணன் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் பந்தலை விட்டு வெளியே வந்தான்.

கூட்டம் பிரிவதை வேப்பமரத்தடியிலிருந்து சோமு பார்த்தான். எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து சங்கை வாயில் வைத்தான். நீளமாக ஊதினான். பறைகள் ஒன்றாக முழங்கின. ஓரத்தில் பூக்கூடையோடு நின்றவர் பழக்கத்தில் ஒரு கை பூவை வழியில் இறைத்தார்.

“ஏய், நிறுத்தச் சொல்லுங்கப்பா!” என்று யாரோ கத்தியது பறைச் சத்தத்தில் கேட்கவில்லை. சித்தப்பா அல்லியைப் பார்த்தார். அவள் கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் சோமுவுக்குத் தெரிந்திருக்கும். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கலைவாணன் அந்தச் சத்தத்துக்கு நடுவில், பூவை மிதித்துக்கொண்டு நடந்தான். ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தார்கள். படியில் கால் வைத்தவன் ஒரு தடவை திரும்பி வீட்டைப் பார்த்தான். காலரில் ஒட்டிய அரிசியோடு குனிந்து உள்ளே ஏறினான்.